6-ஆம் கோரில் கட்டிய த்ரெட் 9-ஆம் கோரில் ஓடுவது எப்படி?

கேள்வி இதுதான்: 16 கோர் (செயலிக்குள் தனியாகக் கணக்கிடும் அலகு) கொண்ட லினக்ஸ் சர்வர். நிரலின் முக்கியமான த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் செயல் இழை) ஒன்றை 6-ஆம் கோரில் மட்டும் ஓடும்படி கட்டிப்போட்டாயிற்று. அதற்கான அழைப்பும் பிழையில்லாமல் 0 என்று திரும்பியது. ஆனால் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்த த்ரெட் 3, 9, 11 என்று திரிகிறது. இது கர்னல் ஷெட்யூலரின், அதாவது எந்த த்ரெட் எந்த கோரில் எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் லினக்ஸ் மையப் பகுதியின், பிழையா? எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ஷெட்யூலர் மேல் சந்தேகப்படுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கர்னலுக்குள் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு மாஸ்க் இருக்கிறது, எந்தெந்த கோரில் ஓடலாம் என்பதற்கான பிட் பட்டியல். த்ரெட்டை எந்த வரிசையில் போடுவது என்று முடிவெடுக்கும்போது ஷெட்யூலர் அந்த மாஸ்க்கைப் படித்து அதற்குக் கட்டுப்படுகிறது. ஆக உங்கள் த்ரெட் 9-இல் ஓடியது என்றால், அந்த நேரத்தில் மாஸ்க்கில் 9 இருந்திருக்கிறது. நீங்கள் 6 மட்டும் எழுதினீர்கள், வேறு யாரோ அதன் மேல் எழுதிவிட்டார்கள். அல்லது நீங்கள் எழுதியது வேறொரு த்ரெட்டின் மாஸ்க்கில். நான் பார்த்த வழக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றாகத்தான் முடிந்திருக்கின்றன. எனவே "ஷெட்யூலர் ஏன் நகர்த்தியது?" என்று கேட்காமல் "மாஸ்க்கை யார் மாற்றியது?" என்று கேட்டுக்கொண்டு தேடுங்கள்.

முதல் வேலை, இப்போது மாஸ்க் என்ன சொல்கிறது என்று பார்ப்பது. கர்னல் தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் அடைவில், அந்த ப்ராசஸின் (ஓடும் நிரலின்) எண்ணுக்குள் டாஸ்க் என்ற துணை அடைவு இருக்கும். அதில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஓர் அடைவு, அதற்குள் ஸ்டேட்டஸ் என்ற கோப்பு. அந்தக் கோப்பில் சிபியூஸ் அலவ்ட் லிஸ்ட் என்று தொடங்கும் வரியைப் படியுங்கள். அங்கே 6 மட்டும் இருந்தால் கட்டு அவிழவில்லை, பிரச்சினை வேறு இடத்தில். 0-15 என்று இருந்தால் அவிழ்ந்துவிட்டது. பிஎஸ் கட்டளையில் பிஎஸ்ஆர் என்ற பத்தி கடைசியாக எந்த கோரில் இருந்தது என்று காட்டும். ஆனால் அது ஒரு கணத்தின் புகைப்படம் மட்டுமே. அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள், மாஸ்க்கைப் பாருங்கள்.

இங்கேயே பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். மாஸ்க்கை மாற்றும் டாஸ்க்செட் கட்டளைக்கு ப்ராசஸ் எண்ணைக் கொடுத்தால் முழு நிரலும் கட்டுப்படும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது அந்த எண்ணுக்கு உரிய ஒரே ஒரு த்ரெட்டை, அதாவது முதன்மை த்ரெட்டை மட்டும்தான் கட்டும். ஏற்கெனவே பிறந்துவிட்ட மற்ற த்ரெட்கள் சுதந்திரமாகத் திரியும். எல்லாவற்றையும் கட்ட மைனஸ் ஏ என்ற விருப்பமும் சேர வேண்டும். நிரலுக்குள்ளிருந்து, மாஸ்க்கை எழுதும் ஷெட்-செட்-அஃபினிட்டி அழைப்பைச் செய்தாலும் இதே கதைதான். எண் இடத்தில் 0 கொடுத்தால் அழைக்கும் த்ரெட்டுக்கு மட்டும் பொருந்தும், கெட்-பிஐடி தரும் ப்ராசஸ் எண்ணைக் கொடுத்தால் முதன்மை த்ரெட்டுக்குப் போய்விடும். தொழிலாளி த்ரெட்டுக்குள் நின்றுகொண்டு கெட்-பிஐடி கொடுத்து "கட்டினேன்" என்று நினைத்தவர்களை எண்ணி முடியாது. பிழை எதுவும் வராது, கயிறு வேறு மாட்டின் கழுத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மாஸ்க் பரம்பரைச் சொத்து. ஒரு த்ரெட் இன்னொன்றைப் பிறப்பிக்கும்போது தன் மாஸ்க்கையும் கொடுத்தே அனுப்புகிறது. அதே ப்ராசஸில் புதிய நிரலை ஏற்றினாலும் (எக்ஸெக்) மாஸ்க் அப்படியே நிற்கும். முதன்மை த்ரெட் தன்னை 6-இல் கட்டிக்கொண்ட பிறகு 8 தொழிலாளிகளை உருவாக்கினால், அந்த எட்டும் 6-இலேயே நெரிசலில் ஓடும், மற்ற 15 கோர்களும் சும்மா இருக்கும். சில நூலகங்களும் இதைச் சத்தமில்லாமல் செய்கின்றன. ஓபன்பிளாஸ் என்ற கணித நூலகத்தை அஃபினிட்டி (கோரில் கட்டும்) வசதியோடு தொகுத்திருந்தால், பைத்தானில் அதைப் பயன்படுத்தும் நம்பையை இம்போர்ட் செய்த மாத்திரத்தில் முதன்மை த்ரெட்டின் மாஸ்க் ஒரே கோருக்குச் சுருங்கிவிடும். பின்னால் பிறக்கும் அத்தனை ப்ராசஸ்களும் அதையே சுமக்கும். நிரலை எழுதியவர் அஃபினிட்டி என்ற சொல்லையே எங்கும் எழுதியிருக்க மாட்டார், பாவம்.

சரி, சரியான த்ரெட்டைத்தான் கட்டியிருக்கிறீர்கள், கட்டிய உடனே மாஸ்க்கும் 6 என்றே காட்டியது, சில மணி நேரத்தில் மாறியது என்றால் அடுத்து சந்தேகப்பட வேண்டியது சிபியூசெட். 2.6.12-இலிருந்து கர்னலில் இருக்கும் வசதி இது. ஒரு குழுவிலுள்ள எல்லா ப்ராசஸ்களும் இன்னின்ன கோர்களில்தான் ஓடலாம் என்று வேலி போடுவது. உங்கள் அழைப்பு இந்த வேலிக்கு உள்ளேதான் செல்லும். நீங்கள் 4-7 கேட்டு, வேலி 0-5 என்றால் கர்னல் இரண்டுக்கும் பொதுவான 4-5-ஐ எழுதிவிட்டு 0 என்று திருப்பும். "கேட்டதைக் குறைத்துக் கொடுத்தேன்" என்று சொல்லாது. பொதுவாக எதுவுமே இல்லாதபோதுதான் இன்வாலிட் ஆர்க்யுமென்ட் என்று கத்தும். அதனால் 0 வந்ததை நம்பாதீர்கள், எழுதிய உடனே ஷெட்-கெட்-அஃபினிட்டியால் திரும்பப் படித்து ஒப்பிடுங்கள்.

இன்னொரு விஷயம் வயதான கர்னல்களில் இதைவிட மோசம். 6.2-க்கு முன்பு, சிபியூசெட்டின் எல்லை மாறினாலோ, ப்ராசஸ் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு மாற்றப்பட்டாலோ, கர்னல் அந்தக் குழுவின் மாஸ்க்கை எடுத்து உங்கள் த்ரெட்டின் மாஸ்க் மேல் அப்படியே எழுதிவிடும். நீங்கள் கேட்டது 6 மட்டும் என்ற நினைவே அதற்கு இருக்காது. 6.2-இலிருந்து பயனர் கேட்ட மாஸ்க் தனியாகச் சேமிக்கப்படுகிறது. வேலி மாறும்போது இரண்டும் சேர்த்துக் கணக்கிடப்படுகின்றன. கன்டெய்னர் (நிரலைத் தனி வேலிக்குள் அடைத்து ஓட்டும் முறை) உலகில் இது முக்கியம், ஏனென்றால் அங்கே வேலிகளை மனிதர்கள் மாற்றுவதில்லை. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் சிபியூ மேலாளர் ஸ்டாட்டிக் கொள்கையில் இருந்தால், பக்கத்து கன்டெய்னருக்கு ஒரு கோரை முழுதாக ஒதுக்கும்போது பொதுக் குளத்தில் இருக்கும் மற்ற கன்டெய்னர்களின் வேலி சுருங்கும், அது போனதும் விரியும். உங்கள் நிரலில் ஒரு வரியும் மாறியிருக்காது. பக்கத்து வீட்டில் யாரோ குடிவந்திருப்பார்கள். "சில மணி நேரம் கழித்து" என்று கேள்வியில் இருப்பதால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். ஆண்ட்ராய்டிலும் இதே நோய் உண்டு. செயலி பின்னணிக்குப் போகும்போது அதன் த்ரெட்கள் வேறு சிபியூசெட்டுக்கு மாற்றப்படுகின்றன. அப்போது பழைய கர்னலில் நீங்கள் போட்ட முடிச்சு போய்விடும்.

அடுத்து ஹாட்பிளக், இயந்திரம் ஓடும்போதே கோரை அணைத்து எழுப்பும் வசதி. ஒரு கோரை ஆஃப்லைன் ஆக்கினால் அதில் மட்டும் ஓட அனுமதி பெற்ற த்ரெட்டை என்ன செய்வது? கொல்ல முடியாது, உறைய வைக்கவும் முடியாது. கர்னல் முதலில் மாஸ்க்கில் வேறு கோர் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் சிபியூசெட் அனுமதிக்கும் கோர்களுக்கும், அதுவும் கைவிட்டால் இயந்திரத்தில் இருக்கக்கூடிய எல்லா கோர்களுக்கும் மாஸ்க்கை விரித்துவிடும். அப்புறம் அந்த கோர் திரும்ப ஆன்லைனுக்கு வந்தாலும் பழைய முடிச்சு திரும்ப வராது. இதில் எனக்கே ஓர் அனுபவம் உண்டு. முன்பு நான் வேலை செய்த இடத்தில் சோதனை இயந்திரம் ஒன்றில் இரண்டு நாள் இப்படி மண்டையை உடைத்துக்கொண்டோம். ட்ரேஸ் எடுப்பது, ஷெட்யூலர் நிரலை வரி வரியாகப் படிப்பது என்று எல்லாம் நடந்தது. கடைசியில் மின்சாரம் மிச்சப்படுத்த யாரோ எழுதிவைத்த இரவு ஸ்கிரிப்ட் கோர்களை அணைத்து, காலையில் மறுபடி எழுப்பியிருக்கிறது. கர்னலின் செய்திப் பதிவான டிமெஸ்ஜில் "இந்த ப்ராசஸ் இனி இந்த சிபியூவோடு இணைந்ததல்ல" என்ற பொருளில் ஒரு வரி முதல் நாளிலிருந்தே கிடந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோம். அதனால் டிமெஸ்ஜில் நோ லாங்கர் அஃபைன் என்ற சொற்களை முதலில் தேடிப்பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த வரி பயனர் ப்ராசஸ்களுக்கு மட்டுமே அச்சாகும். கர்னல் த்ரெட் இடம்பெயர்ந்தால் ஒரு வரியும் வராது.

இவை எதுவும் பொருந்தவில்லை என்றால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான். பலரும் செய்வது கர்னலின் கண்காணிப்புக் கருவியான எஃப்ட்ரேஸில், த்ரெட் நகர்வைக் காட்டும் ஷெட்-மைக்ரேட்-டாஸ்க் என்ற நிகழ்வை இயக்கி, அதில் தங்கள் த்ரெட்டின் எண்ணை வடிகட்டி, ஸ்டாக் ட்ரேஸ் ட்ரிகரும் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற அடுக்கைப் பதிவது) சேர்ப்பது. எந்த கோரிலிருந்து எந்த கோருக்கு, எப்போது என்பது இதில் தெளிவாகத் தெரியும். ஆனால் யார் என்பது பெரும்பாலும் தெரியாது. இங்கேதான் நிதானம் வேண்டும்.

ஏனென்றால் மாஸ்க் மாறுவதும் த்ரெட் நகர்வதும் இரண்டு தனி நிகழ்வுகள். மாஸ்க் மாறும் கணத்தில் த்ரெட் தூங்கிக்கொண்டிருந்தால் அப்போது ஒன்றும் நடக்காது. பின்னால் யாராவது எழுப்பும்போதுதான் அது புது கோரில் விழிக்கும். அப்போது ஸ்டாக்கில் தெரிவது எழுப்பியவரின் பெயர், பாவம் அவருக்கு இதில் சம்பந்தமே இல்லை. மாஸ்க்கை விரித்தார்கள் என்றால் இன்னும் சிக்கல். த்ரெட் உடனே நகர வேண்டிய கட்டாயம் இல்லை, கோர்களுக்கிடையே வேலையைப் பங்கிடும் லோடு பேலன்சர் எப்போதாவது வந்து இழுத்துக்கொண்டு போகும். நீங்கள் லோடு பேலன்சரைப் பிடித்துவைத்துக்கொண்டு ஷெட்யூலரில் பிழை என்பீர்கள். மாஸ்க்கிலிருந்து தற்போதைய கோரை நீக்கும்போது த்ரெட் அங்கே ஓடிக்கொண்டிருந்தாலோ, அந்த வேலையை மைக்ரேஷன் என்ற பெயரோடு ஒவ்வொரு கோரிலும் இருக்கும் ஸ்டாப்பர் த்ரெட் செய்கிறது. ரியல்டைம் த்ரெட்களைவிடவும் உயர்ந்த முன்னுரிமை கொண்டது அது. அப்போது ஸ்டாக்கில் தெரிவது ஸ்டாப்பர்தான், அதை ஏவியவர் இல்லை.

ஆகவே பொறியை நகர்வில் வைக்காமல் மாஸ்க் எழுதும் இடத்தில் வையுங்கள். பயனர் அழைப்பு, சிபியூசெட் மாற்றம் இரண்டும் கர்னலுக்குள் செட்-சிபியூஸ்-அலவ்ட்-பிடிஆர் என்ற செயற்கூறின் உள்வடிவம் வழியாகவே வரும் (பெயருக்கு முன் இரண்டு அடிக்கோடு இருக்கும்). பிபிஎஃப்ட்ரேஸ் என்ற கருவியில் அதன் மேல் ஒரு கேப்ரோப் (கர்னல் செயற்கூறு அழைக்கப்படும்போது தூண்டப்படும் பொறி) போட்டு மூன்றை அச்சிடச் சொல்லுங்கள்: அழைத்தவரின் பெயர், முதல் ஆர்க்யுமென்டாக வரும் டாஸ்க்கின் எண், கர்னல் ஸ்டாக். முதலாவது எழுதியவர், இரண்டாவது எழுதப்பட்டவர். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், பிபிஎஃப்ட்ரேஸ் இயல்பாகக் கொடுக்கும் பிஐடி எழுதியவருடையது. ஸ்டாக்கில் சிபியூசெட் என்று தொடங்கும் செயற்கூறுகள் வந்தால் வேலியை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள், ஷெட்-செட்-அஃபினிட்டி வந்தால் யாரோ நேரடியாகக் கட்டியிருக்கிறார்கள். உங்கள் கர்னலைத் தொகுத்தபோது அந்தச் செயற்கூறு அழைக்கும் இடத்திலேயே கரைந்து இன்லைன் ஆகிவிட்டிருந்தால் ப்ரோப் ஒட்டாது. கர்னல் செயற்கூறுகளின் பெயர்களைக் காட்டும் கால்சிம்ஸ் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நிரலே குற்றவாளி என்று சந்தேகம் இருந்தால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நிரல் கர்னலுக்குச் செய்யும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸை மைனஸ் எஃப் விருப்பத்தோடு ஓட்டி, ஷெட்-செட்-அஃபினிட்டி அழைப்பை மட்டும் வடிகட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்தப் பொறியை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். மாஸ்க் எழுதும் அழைப்புகள் அரிது என்பதால் சுமை கிட்டத்தட்ட இல்லை. மாறாக, கோரில் த்ரெட் மாறும் ஒவ்வொரு முறையும் வரும் ஷெட்-ஸ்விட்ச் நிகழ்வை இரவு முழுதும் பதிவு செய்தால் காலையில் வட்டு நிரம்பியிருக்கும்.

கேட்டவர் பயனர் நிரலைப் பற்றிக் கேட்டாலும், கர்னல் மாட்யூல் (கர்னலுக்குள் ஏற்றப்படும் நிரல்) எழுதுபவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அங்கே தவறுகள் வேறு மாதிரி. கர்னல் த்ரெட்டைக் கட்ட கேத்ரெட்-பைண்ட் இருக்கிறது. அதைத் த்ரெட் எழுப்பப்படும் முன் அழைக்க வேண்டும். கேத்ரெட்-ரன் என்பது உருவாக்கி உடனே எழுப்பியும் விடும். எனவே கேத்ரெட்-ரன் செய்த பிறகு கேத்ரெட்-பைண்ட் செய்தால், ஓடத் தொடங்கிவிட்ட த்ரெட்டைக் கட்டப் பார்க்கிறீர்கள் என்று கர்னல் வார்னிங் கொடுத்துவிட்டு, கட்டாமலே திரும்பிவிடும். உருவாக்கு, கட்டு, எழுப்பு என்ற வரிசைதான் சரி. இப்படிக் கட்டிய த்ரெட்டின் மேல் நோ-செட்-அஃபினிட்டி என்ற கொடி ஏறுகிறது. அதற்குப் பின் வெளியிலிருந்து யார் டாஸ்க்செட் செய்தாலும் இன்வாலிட் ஆர்க்யுமென்ட்தான் வரும். கேவொர்க்கர் (கர்னலின் பின்னணி வேலையாள்) த்ரெட்கள் சிலவற்றை நகர்த்த முடியவில்லை என்று புலம்புகிறவர்கள் பார்ப்பது இதைத்தான். பெயரில் சாய்கோட்டுக்குப் பின் வெறும் எண் இருந்தால் அது அந்த கோருக்கே உரியது, நகராது. யூ என்ற எழுத்து இருந்தால் கட்டில்லாதது, அவற்றின் மாஸ்க்கை சிஸ் அடைவில் வொர்க்க்யூ பகுதியில் உள்ள சிபியூமாஸ்க் கோப்பு வழியாக மாற்றலாம்.

கேத்ரெட்-பைண்டுக்குப் பதிலாக செட்-சிபியூஸ்-அலவ்ட்-பிடிஆர் மட்டும் பயன்படுத்தினால் மாஸ்க் ஒரே கோராக இருக்கும், ஆனால் கொடி ஏறாது. ரூட் பயனர் யாரும் அதை அவிழ்க்கலாம். டீபக்-ப்ரீஎம்ப்ட் என்ற சோதனை அமைப்பை இயக்கிய புதிய கர்னலில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். ப்ரீஎம்ப்ஷனை (ஓடும் த்ரெட்டை நிறுத்தி வேறொன்றை ஓட்டுவதை) அணைக்காமல், தற்போதைய கோர் எண்ணைத் தரும் எஸ்எம்பி-ப்ராசஸர்-ஐடி அழைத்தால், கொடியோடு கட்டப்பட்ட த்ரெட்டை அது மன்னித்துவிடும், மற்றதை "ப்ரீஎம்ப்டிபிள் நிரலில் பயன்படுத்துகிறாய்" என்று பக் செய்தி போட்டுத் திட்டும். அந்தச் செய்தியை வாயடைக்க ரா என்று தொடங்கும் வடிவத்துக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அது பொய் எச்சரிக்கை இல்லை. கோர் எண்ணைப் படித்த மறுகணம் த்ரெட் வேறு கோருக்குப் போய், ஒவ்வொரு கோருக்கும் தனியாக உள்ள பெர்-சிபியூ தரவில் அடுத்தவருடையதைத் தொடும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்கிறது. அப்படிக் கெட்டுப்போகும் தரவைத் தேடுவது, எச்சரிக்கையைச் சரிசெய்வதைவிட நூறு மடங்கு கஷ்டம்.

5.11-இலிருந்து, த்ரெட் நகர்வை முடக்கும் மைக்ரேட்-டிசேபிள் எல்லா வகைக் கர்னலிலும் வேலை செய்கிறது. இதனால் ஒரு புது அறிகுறி வந்திருக்கிறது: டாஸ்க்செட் கட்டளை திரும்பாமல் தொங்குவது. எதிரிலுள்ள த்ரெட் நகர்வை முடக்கிய பகுதிக்குள் இருந்தால், அது வெளியே வரும்வரை மாஸ்க்கை மாற்ற வந்தவர் காத்திருக்க வேண்டும். முடக்கத்தை நீக்கும் மைக்ரேட்-எனேபிள் ஒன்று விடுபட்டிருந்தால் காத்திருப்பு முடியவே முடியாது. தொங்கும் ப்ராசஸின் ஸ்டாக்கை ப்ராக் வழியே பார்த்தால் அஃபைன்-மூவ்-டாஸ்க் என்ற பெயர் தெரியும்.

இனி, மாஸ்க் 6 என்று உறுதியாக இருந்தும் வேகம் ஏறி இறங்குகிறது என்று வருபவர்களுக்கு. த்ரெட் எங்கும் போகவில்லை, மற்றவர்கள் அதன் கோருக்கு வருகிறார்கள். த்ரெட்டைக் கட்டுவது அதற்கு மட்டும்தான் கட்டுப்பாடு, அந்த கோரை அதற்கு எழுதிவைப்பதில்லை. பெர்ஃப் கருவியில் ஷெட் மேப் எடுத்தால் 6-ஆம் பத்தியில் யார் யார் வந்துபோகிறார்கள் என்று தெரியும். இன்டரப்ட்கள் (வன்பொருளின் குறுக்கீடுகள்) வருகின்றனவா என்று ப்ராக்கில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைச் சில விநாடி இடைவெளியில் இரண்டு முறை படித்துப் பாருங்கள். இன்டரப்ட்களைக் கோர்களுக்குப் பங்கிடும் ஐஆர்க்யூபேலன்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் கையால் ஒதுக்கியதை அது திரும்பக் கலைத்துவிடும். 6-இன் இரட்டை (அதே இயற்பியல் கோரைப் பகிரும் இன்னொரு எண்) எது என்றும் பாருங்கள். டோபாலஜி அடைவில் த்ரெட்-சிப்ளிங்ஸ்-லிஸ்ட் என்ற கோப்பு சொல்லும். எண்ணை வைத்து ஊகிக்காதீர்கள். பல பழைய சர்வர்களில் 0-க்கு இரட்டை பாதி எண்ணிக்கை தாண்டி இருக்கும், 12-ஆம் தலைமுறை இன்டெல் மேசைக் கணினியில் 0-உம் 1-உம் இரட்டையர். மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருந்தால் இந்த மொத்தக் கணக்கும் பாதி உண்மைதான். நீங்கள் கட்டியது வி-சிபியூவில், அதாவது மெய்நிகர் கோரில். அந்த வி-சிபியூவே ஹோஸ்டில் ஒரு சாதாரண த்ரெட், அதை அங்கே யாரும் கட்டவில்லை என்றால் திரிந்துகொண்டுதான் இருக்கும்.

ஃபைஃபோ என்ற ரியல்டைம் முன்னுரிமையில் இடைவிடாமல் சுழலும் த்ரெட் என்றால் இன்னொன்று. இயல்பு அமைப்பில் ரியல்டைம் த்ரெட்களுக்கு ஒவ்வொரு வினாடியிலும் 0.95 வினாடிதான். மீதி 50 மில்லிவினாடி மற்றவர்களுக்கு. வினாடிக்கு ஒரு முறை சரியாக 50 மில்லிவினாடி இடைவெளி தெரிந்தால் காரணம் அதுவே.

இதையெல்லாம் படித்துவிட்டு சில கோர்களைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து ஒதுக்கும் ஐசோல்சிபியூஸ் என்ற பூட் அளவுருவை நோக்கி ஓடுவீர்கள் என்று தெரியும். நல்ல கருவிதான், ஆனால் ஒரு பொறி வைத்திருக்கிறது. ஒதுக்கிய கோர்களில் லோடு பேலன்சிங் கிடையாது. 4-7-ஐ ஒதுக்கிவிட்டு, நான்கு த்ரெட்களுக்கும் 4-7 என்ற ஒரே மாஸ்க்கைக் கொடுத்தால் அவை நான்கு கோர்களுக்கும் பரவும் என்று எதிர்பார்ப்போம். பரவாது, ஒரே கோரில் குவிந்து கிடக்கும், பக்கத்து மூன்றும் காலியாகவே இருக்கும். ஒதுக்கிய கோர்களில் ஒவ்வொரு த்ரெட்டையும் தனித்தனி கோரில் கட்ட வேண்டும்.

கேட்டவரின் வழக்குக்கு வருகிறேன். கர்னல் பதிப்பைப் பாருங்கள், 6.2-க்கு முந்தையதா? நிரல் கன்டெய்னரில் ஓடுகிறதா? டிமெஸ்ஜில் அந்த வரி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு கேப்ரோப்பைப் போட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் கிடைக்கும் ஸ்டாக்கில் சிபியூசெட்டின் பெயர் இருக்கும் என்பது என் ஊகம். அப்படி இருந்தால், அந்த கன்டெய்னருக்கு முழு கோரை ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், நிரலுக்குள் சில விநாடிக்கு ஒருமுறை மாஸ்க்கைப் படித்து, மாறியிருந்தால் நேரத்தோடு பதிவு செய்துவிட்டுத் திரும்பக் கட்டும் சிறு த்ரெட் ஒன்றை வையுங்கள். அழகான தீர்வு இல்லைதான். ஆனால் அடுத்த முறை எப்போது அவிழ்ந்தது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.